பாறையில் உள்ள குழிகள் எல்லாம் ஒன்றா?

கேள்வி: இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் வசிக்கும் என் மகள், அருகிலுள்ள இல்க்லி மூர் என்னும் மேட்டுவெளியில் எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தாள். பாக்கு வைக்கக்கூடிய அளவிலான குழிகளும் அவற்றைச் சுற்றிய வளையங்களும் பாறையில் தெரிகின்றன. மட்டக்களப்பின் படுவான்கரையில், உன்னிச்சைப் பக்கம் உள்ள எங்கள் வயலோரப் பாறையிலும் குழிகள் உண்டு. இரண்டும் ஒரே வகையா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. இல்க்லி மூரில் இருப்பது பருமணல் இறுகிய மணற்கல். அதைவிடக் கடினமான கல்லைக் கையில் பிடித்து, ஒரே இடத்தில் ஓயாமல் கொத்தியே அந்தக் குழிகளையும் வளையங்களையும் உண்டாக்கினார்கள். உலோக உளி அதற்குத் தேவைப்படவில்லை. அதிகம் தேயாத பாறைகளில் அந்தக் கொத்துத் தழும்புகள் இன்றும் விரலுக்குத் தட்டுப்படும். புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத் தொடக்கத்திலும், அதாவது ஏறத்தாழ கி.மு. 4000க்கும் 1500க்கும் இடையில், இவை செதுக்கப்பட்டன. நமது அம்பாறை ராஜகல மலையில் பிராமி எழுத்துகளை வெட்டத் தொடங்குவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்திய வேலை அது. வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உள்ள ரௌட்டிங் லின் பாறை ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுடையது. அதன் மேற்பரப்பில் இத்தகைய உருவங்கள் நிறைந்துள்ளன. எல்லைக் குறி, சடங்கு, விண்மீன் வரைபடம் என்று விளக்கங்கள் பல சொல்லப்பட்டாலும் எதுவும் நிறுவப்படவில்லை. விண்மீன் கதையை நான் சற்றுத் தள்ளியே வைத்திருக்கிறேன்.

நம் பக்கத்துப் பாறையோ மணற்கல் அன்று. கல்லால் கொத்தினால் எளிதில் இளகாத கடும்பாறை. அதில் காணப்படும் குழிகளுக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு. நீள்சதுரக் குழிகள் ஒரே வரிசையில் இருந்தால், கல் பிளப்பதற்காக ஆப்பு இறக்கிய தடம் என்று கொள்ளலாம். சதுரமாக, ஆழமாக, இடைவெளி விட்டு அமைந்தவை பழைய கட்டடத்தின் கால்களை நிறுத்திய குழிகளாக இருக்கக்கூடும். உட்புறம் வழவழப்பானவை தானியம் இடித்ததாலோ, மாரியில் நீரோடு சுழன்ற கற்கள் அரைத்ததாலோ உண்டானவை.

உச்சிவெயிலில் பார்த்தால் எந்தப் பாறையும் வெறும் பாறையாகவே தோன்றும். பொழுது சாயும் நேரத்தில், பாறையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குழியைச் சுற்றி வளையம் இருந்தால் அப்போது நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். சுண்ணக்கட்டியால் கோடு இழுக்கவோ பாசியைச் சுரண்டவோ வேண்டாம். அளவு தெரிவதற்கு ஒரு பாக்கைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். வளையம் தெரிந்தால், வயலில் வேலை தொடங்குவதற்கு முன்னரே தொல்லியல் திணைக்களத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.