சிலிப்பர் கட்டையும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

பழைய பிளாஸ்டிக்கிலிருந்து ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை, செய்யும் துறைக்குத்தான் போவேன் என்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதையும், "குப்பையை நம்பி ஒரு படிப்பா?" என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதையும் எழுதியிருந்தீர்கள். அவள் சொல்வது கற்பனை அல்ல. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஷெரிங்டன் பாலத்தில் 2021ஆம் ஆண்டிலேயே மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, மறுசுழற்சி பிளாஸ்டிக் கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள்.

ஆனால் நெல்லையிலிருந்து தென்காசி வரை நீங்கள் பார்ப்பவை கால் டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் கட்டைகள். ஜல்லி விரித்த சாதாரணப் பாதையில் அவற்றின் இடத்தை வேறொன்று எளிதில் பிடித்துவிடாது. ஜல்லி இல்லாத இரும்புப் பாலங்களிலும், பாதை பிரியும் இடங்களிலும்தான் பிளாஸ்டிக்கோடு வேறு பொருள் கலந்து செய்த, எடை குறைந்த கலவைக் கட்டைகளுக்குத் தேவை இருக்கிறது. ஆகவே, கட்டை வார்க்கும் ஆலையில் கிடைக்கும் வேலையை மட்டும் மனத்தில் வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உண்மையான வேலை சோதனைக் கூடத்தில் இருக்கிறது. இந்தக் கட்டைகளுக்குப் பயன்படும் எச்.டி.பி.இ. என்ற அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெப்பத்தில் எஃகைப் போலச் சுமார் பத்து மடங்கு விரியும். நம் ஊர் வெயிலில் கட்டையின் சூடு 30 டிகிரி ஏறினால், 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே ஆறேழு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அதைக் கட்டுப்படுத்தவே கண்ணாடி இழை சேர்க்கிறார்கள். போதாததற்கு, வரும் கழிவு ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு தரத்தில் இருக்கும். இவற்றையெல்லாம் அளந்து, 'இது பாதைக்குத் தகுதி' என்று கையெழுத்திடுபவர் எந்தக் காலத்திலும் வேண்டியிருப்பார். ரப்பருக்கும் குழாய்க்கும் வாகன உதிரிபாகத்துக்கும் இதே பிளாஸ்டிக் படிப்புத்தான் உதவும் என்பது உங்களுக்கு ஒரு தெம்பு.

வழிகளைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. வேதியியல் முடித்து, பிறகு மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் இரண்டாண்டு பிளாஸ்டிக் முதுநிலை டிப்ளமோவில் சேரலாம். பெண்பிள்ளையை உடனே வெளியூர் அனுப்பத் தயங்கும் உங்களுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். இயற்பியலும் வேதியியலும் படித்த பட்டதாரிகளை ரயில்வே தேர்வு வாரியம் பொருள்களைச் சோதிக்கும் கெமிக்கல் அண்ட் மெட்டலர்ஜிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு எடுத்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளுக்குப் பாதையைப் பராமரிக்கும் ஜூனியர் இன்ஜினியர் வேலைதான் ஆசை என்றால், பிளாஸ்டிக் படிப்பு அங்கே செல்லாது. சிவில்தான் படிக்க வேண்டும். அதற்கு நெல்லையில் நம் அரசு பொறியியல் கல்லூரியே இருக்கிறது. இந்த வேறுபாட்டை அவளிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒருநாள் அவளை மதுரை சிப்பெட்டுக்கு அழைத்துச் சென்று சோதனைக் கூடத்தைக் காட்டுங்கள். ரயிலிலேயே போங்கள், தண்டவாளத்துக்கும் கான்கிரீட் கட்டைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் அட்டையைப் பிளாட்பாரத்தில் நின்றபடியே அவளுக்குக் காட்டலாம்.