தஞ்சையா, குடந்தையா, திருச்சியா? கடை போடுமுன் ஊரை அளப்பது எப்படி

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பதினோரு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். கையில் 40 லட்சம் இருக்கிறது. டைல்ஸ், சானிட்டரி சாமான் கடை வைக்கலாம் என்று எண்ணம். 'திருச்சிதான் வளர்கிற ஊர், அங்கே போ' என்கிறார் மைத்துனர். 'கும்பகோணத்தை விட்டால் நமக்கு வேறு ஊர் ஏது?' என்கிறார் அப்பா. எனக்குத் தஞ்சாவூர் மேல் ஒரு கண். எந்த நகரம் வேகமாக வளர்கிறது என்று இணையத்தில் தேடினால் ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு ஊரை முதலில் வைக்கிறது. எதை நம்பி முடிவெடுப்பது? 2028 மகாமகத்துக்குள் கும்பகோணம் பெரிய ஊராகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?"

முதலில் அந்தப் பட்டியல்களை ஒதுக்கி வையுங்கள். நம் நாட்டில் நகரவாரியாக உற்பத்தி மதிப்பை எந்த அரசுத் துறையும் கணக்கிட்டு வெளியிடுவதில்லை. மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை தருவது மாவட்டவாரிக் கணக்கு. தஞ்சாவூர் மாவட்டக் கணக்கில் தஞ்சை நகரமும் இருக்கும், உங்கள் கும்பகோணமும் இருக்கும், பேராவூரணித் தென்னந்தோப்பும் இருக்கும். இதை வைத்துத் தஞ்சைக்கும் குடந்தைக்கும் போட்டி நடத்தவே முடியாது. இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. "நகர ஜி.டி.பி." என்று வண்ணப்படம் போட்டு வருவதெல்லாம் யாரோ போட்ட உத்தேசக் கணக்கு.

சரி, மக்கள்தொகையையாவது ஒப்பிடலாமா? அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் கும்பகோணம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1.40 லட்சம். 2011-லும் அதே 1.40 லட்சம். பத்து வருஷத்தில் கூடியது மிகச் சொற்பம். தஞ்சாவூர் 2.15 லட்சத்திலிருந்து 2.23 லட்சத்துக்கு வந்தது. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் இரண்டு ஊரும் உறங்கிக் கிடந்தன என்றுதான் சொல்வார். அந்தப் பத்து வருஷத்தில் தஞ்சையின் நாஞ்சிக்கோட்டைச் சாலையில் போய்வந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் நகராட்சிக் கோட்டுக்கு வெளியே, ஊராட்சி மனைகளில் கட்டப்பட்டன. கோட்டுக்குள் இருந்த பழைய வீடுகளோ கடையாகவும் கிடங்காகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறிக்கொண்டிருந்தன. ஊரின் நடுவே பணம் புழங்கப் புழங்க அங்கே குடியிருப்பவர் குறைவார்கள். அதனால் நகராட்சிக்குள் தலை கூடாததை ஊரின் தேக்கம் என்று படித்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு கோடுகளே நகர்ந்துவிட்டன. தஞ்சாவூர் 2014-இல் மாநகராட்சியானது. கும்பகோணம் 2021-இல் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு வரப்போகிறது. அந்த எண் வெளியானதும் "கும்பகோணம் ஒரே தாவாகத் தாவியது" என்று யாராவது எழுதுவார்கள். அதில் எவ்வளவு தாராசுரம் சேர்ந்ததால் வந்தது, எவ்வளவு உண்மையில் புதிதாக வந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகு நம்புங்கள். சொத்து வரி வசூலை வைத்து ஒப்பிடுவோரும் உண்டு. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்கச் சொத்து வரி கூட்டப்பட்டது. அந்த வருஷத்தைத் தாண்டி ஒப்பிட்டால் புதுக் கட்டடமே எழும்பாத ஊரிலும் வசூல் எகிறியிருக்கும்.

ஆக, "எந்த ஊர் பெரிது, எந்த ஊர் வேகம்" என்ற கேள்வியை விடுங்கள். உங்களுக்குப் பணம் கொடுக்கப்போகிறவர் எங்கே சம்பாதிக்கிறார், எங்கே வீடு கட்டுகிறார் என்று கேளுங்கள். டெல்டாவில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊராக இருப்பதில்லை.

திருச்சியை எடுத்துக்கொள்வோம். 2011-லேயே மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 9 லட்சம் பேர். அந்த ஊரின் எலும்பு மாதச் சம்பளம். பொன்மலை ரயில்வே பணிமனை, அறுபதுகளில் வந்த பெல் (BHEL) கொதிகலன் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை, 1964-இல் தொடங்கிய இன்றைய என்.ஐ.டி. எனச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. பொன்மலைப் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து போனது என்பது உங்கள் வயதுக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடியது. மறு வருஷம் திருச்சியைத் தொட்டது. அந்த ரயில் கம்பெனியின் தலைமையிடம் அன்று நாகை. 1920-களில் பணிமனை திருச்சிக்குப் பெயர்ந்தது. நாகை 2011-இல் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. சம்பளம் கொடுக்கும் ஒரே ஒரு பெரிய நிறுவனம் இடம் மாறியதில் இரண்டு ஊர்களின் தலையெழுத்தே மாறியதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பெல்லுக்கு ஆர்டர் குறைந்த வருஷங்களில் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எப்படித் தவித்தன என்று அங்கிருப்பவர்களைக் கேளுங்கள். இன்று திருச்சி அந்த ஒற்றைக் காலில் நிற்கவில்லை. 2024-இல் புது விமான முனையம் வந்தது. 2025-இல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் திறந்தது. நகரம் தெற்கே இழுபடுகிறது. மைத்துனர் சொல்வது பொய்யில்லை.

ஆனாலும் உங்களுக்குத் திருச்சி வேண்டாம் என்பேன். டைல்ஸ் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிறது. முழு லோடு எடுப்பவருக்கு ஒரு விலை, கால் லோடு எடுப்பவருக்கு ஒரு விலை. திருச்சியில் உங்களுக்குப் போட்டி, மாதம் பல லோடு இறக்கும் பழைய மொத்த வியாபாரிகள். 40 லட்சத்தில் ஷோரூம் அலங்காரத்துக்கும் அட்வான்ஸுக்கும் போக மிச்சம் நிற்கும் சரக்கை வைத்து அவர்களோடு விலையில் மோத முடியாது. ஊர் வளர்வது வேறு, அந்த வளர்ச்சியில் உங்களுக்கு இடம் இருப்பது வேறு.

இனி தஞ்சையும் குடந்தையும். இந்த ஒப்பீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரி, கல்லூரி, கோயில், பஸ் என்று எண்ணுகிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது மண். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நஞ்சை. நஞ்சையை மனையாக்க வேண்டுமானால் வேளாண் துறையின் கருத்தும் ஆட்சியரின் இசைவும் வேண்டும். அது லேசில் கிடைப்பதில்லை, கிடைக்கவும் கூடாது. அப்படியே கிடைத்தாலும் சாலை மட்டத்துக்கு மண் அடித்து ஏற்றுவதிலேயே வீட்டுக்காரர் கையில் பாதி தீர்ந்துவிடும். தரைக்கு ஓடு பதிக்கும் கட்டத்துக்கு அவர் வரும்போது "இருக்கிறதிலேயே விலை குறைந்ததைக் காட்டுங்கள்" என்பார். தஞ்சாவூருக்கு வடக்கே வெண்ணாற்றுப் பக்கம் இதே கதைதான். தெற்கும் மேற்கும் அப்படியில்லை. வல்லம் வரை மேட்டு நிலம், செம்மண். கெட்டியான தரை, ஆழம் குறைந்த அஸ்திவாரம். மருத்துவக் கல்லூரிச் சாலை, பிள்ளையார்பட்டி, நாஞ்சிக்கோட்டை, விளார் என்று ஊர் அந்தப் பக்கமே போனதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். திருச்சி பஞ்சப்பூர்ப் பக்கம் போவதும் அதே காரணத்தால்தான். டெல்டாவில் நகரம் விரிகிற திசையை நஞ்சையின் எல்லைதான் தீர்மானிக்கிறது.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் கணக்கில் எடுங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்கள் அதற்குள் வருகின்றன, திருச்சி வெளியே. உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவை இங்கே இனி வர முடியாது. அந்தச் சட்டம் வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். சோறு போடும் மண்ணைக் கெடுத்துவிட்டு எந்த நகரத்தை வளர்த்து என்ன செய்ய? ஆனால் கடை போடுபவருக்கு அதன் பொருள் தெளிவாக இருக்க வேண்டும். தஞ்சையிலோ குடந்தையிலோ நாளைக்குப் பெரிய ஆலை வந்து ஆயிரக்கணக்கில் வீடு கட்டும் என்று கனவு காணாதீர்கள். இங்கே வீடு கட்டப்போகிறவர் ஆசிரியர், நர்ஸ், டாக்டர், ஓய்வு பெற்ற அலுவலர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் அப்பா, நெல் விற்ற பணம் கையில் உள்ள மிராசு. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி, சாஸ்த்ரா, தமிழ்ப் பல்கலைக்கழகம், உணவு பதப்படுத்தும் தொழில்நுட்ப நிறுவனம், 2024-இல் திறந்த மினி டைடல் ஐ.டி. பூங்கா என முதல் நான்கு வகையினரும் அதிகம். குடந்தையில் வணிகர் கை ஓங்கியிருக்கிறது. சிட்டி யூனியன் வங்கி 1904-இல் அங்கே பிறந்தது சும்மா இல்லை. பாத்திரக்கடை, பட்டு, வெற்றிலை, கோயில் யாத்திரை எனச் சுற்றுப்புறத்தின் பணம் அங்கே வந்து புரண்டு போகிறது. வலங்கைமான், குடவாசல், திருவிடைமருதூர்க்காரர்களுக்கும், நீலத்தநல்லூர் பாலம் தாண்டி வரும் கொள்ளிடத்து வடகரைக்காரர்களுக்கும் கடைவீதி என்றால் கும்பகோணம்தான். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வீடு கட்டுவது அவரவர் ஊரில். கும்பகோணம் வளராவிட்டாலும் கும்பகோணத்தில் டைல்ஸ் விற்கும்.

ஸ்மார்ட் சிட்டி பணத்தைப் பார்த்துத் தஞ்சையை மிகையாக எடை போட வேண்டாம். சாலை, பஸ் நிலையம், பூங்கா எல்லாம் நல்லவை. அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது. அரசு ஒருமுறை செலவழித்த பணம் வருஷாவருஷம் வரும் வருமானம் ஆகாது.

இப்போது நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டியவை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் அந்த அளவுக்காரர்தான். மாநகராட்சியிலும், அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும், கடந்த இரண்டு வருஷங்களில் மாதத்துக்கு எத்தனை அனுமதி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைத்ததும் சதவீதம் போடாதீர்கள், எண்ணிக்கையாகவே பாருங்கள். ஒரு பக்கம் 100 வீடு 130 ஆனால் 30 சதவீதம். இன்னொரு பக்கம் 1,000 வீடு 1,100 ஆனால் 10 சதவீதம்தான். காகிதத்தில் முதல் ஊர் ஜெயிக்கும். ஓடு பதிக்க இரண்டாவது ஊரில் நூறு வீடு கூடியிருக்கும்.

காகிதத்தை விட எனக்கு அதிகம் நம்பிக்கை கொத்தனார்களிடம். காலை ஏழு மணிக்கு அவர்கள் டீ குடிக்கும் இடத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். எந்த நகரில் வேலை, ஓடு பதிக்கும் ஆள் கிடைக்கிறாரா, சாமான் எந்தக் கடையில் எடுக்கிறார்கள், யார் கடன் தருகிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். பதிக்கும் ஆளுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் அங்கே வீடு நிஜமாகவே எழும்புகிறது. மாறாக, மனைக் கற்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, நடுவே கருவை முளைத்திருக்கிறது என்றால் அது முதலீட்டுக்கு வாங்கிப்போட்ட நகர். அங்கே ஐந்து வருஷத்துக்கு உங்களுக்கு வேலை இல்லை.

பணம் வரும் மாதங்களையும் பாருங்கள். டைல்ஸும் வாஷ்பேசினும் வீட்டின் கடைசிச் செலவு. குடிபோகும் நாளை ஒட்டித்தான் வாங்குவார்கள். தை, வைகாசி, ஆவணியில் கடை நிறையும். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டும். நெல் பணத்தை நம்பியவர் சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் பாக்கி கொடுப்பார். மேட்டூர் தாமதமாகத் திறந்த வருஷத்தில், கஜா போலப் புயல் அடித்த வருஷத்தில், அந்தப் பாக்கி அடுத்த போகத்துக்குப் போகும். கும்பகோணத்தில் கடை போட்டால் இந்த வகைக் கடன் அதிகம் நிற்கும். தஞ்சையில் மாதச் சம்பளக்காரர் வங்கி வீட்டுக்கடனில் கட்டுவதால் பணம் கொஞ்சம் சீராக வரும். 40 லட்சத்தோடு தொடங்குகிற உங்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

என் தீர்ப்பு தஞ்சாவூர். நகரத்துக்குள் வேண்டாம், தெற்குப் பக்கம் நாஞ்சிக்கோட்டை, மருத்துவக் கல்லூரி வட்டாரத்தில் பாருங்கள். இடம் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள், சின்ன ஷோரூமாக. கிடங்குக்கு மட்டும் உங்கள் ஊரே இருக்கட்டும். தஞ்சை 25 கிலோமீட்டர், குடந்தை 15 கிலோமீட்டர். பாபநாசத்தில் கிடங்கு வாடகை இரண்டு ஊரையும் விடக் குறைவு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வந்தபின் பழைய சாலையில் நெரிசல் குறையக் குறையச் சரக்கு ஏற்றி இறக்கவும் வசதிதான். ஷோரூம் தஞ்சையில் இருந்தாலும் கும்பகோணத்து ஆர்டரைப் பாபநாசத்திலிருந்தே அனுப்பலாம். மைத்துனரிடம் கோபிக்க வேண்டாம். முழு லோடு எடுக்க முடியாத முதல் வருஷத்தில் திருச்சி மொத்தக் கடைகளில்தான் நீங்கள் சரக்கு எடுக்கப் போகிறீர்கள்.

மகாமகம் பற்றிக் கேட்டீர்கள். 2016-இல் வந்தது, அடுத்தது 2028 மாசியில். அதற்குள் சாலைகளும் படித்துறைகளும் சீராகும். ஊர் பெரிதாகாது, நிலம் இல்லை. ஆனால் உங்கள் தொழிலுக்கு அதில் ஒரு வேலை இருக்கிறது. லாட்ஜ்களும் கல்யாண மண்டபங்களும் குளியலறை, கழிப்பறைகளைப் புதுப்பித்தாக வேண்டும். அது 2027 முழுக்க நடக்கும். பாபநாசத்துக் கிடங்கிலிருந்து அந்த ஆர்டர்களை இப்போதே பேசி வையுங்கள். பாதிப் பணம் முன்னதாக வாங்குங்கள், மீதியைச் சாமான் இறக்கும்போது வாங்கிவிடுங்கள். திருவிழா முடிந்து தருகிறேன் என்பவருக்கு இறக்காதீர்கள். அந்த ஒரு வருஷ ஆர்டரைப் பார்த்துக் கும்பகோணத்தில் நீண்டகால வாடகை ஒப்பந்தம் மட்டும் போட்டுவிட வேண்டாம்.