கிராபிங்: நண்டின் நடையா, நகமா?

கேள்வி: ஐயா, ஒரு விமானம் 'கிராபிங்' செய்தபடி இறங்கியதாகப் படித்தேன். அகராதியோ நண்டு பிடித்தல் என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஆனால் விமானத்துக்கு நண்டின் நடையைத்தான் பார்க்க வேண்டும். இடப்பக்கமிருந்து காற்று அடித்தால் விமானம் வலப்பக்கம் தள்ளப்படும். அதைச் சமாளிக்க, விமானி மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பிவைப்பார். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும். விமானம் ஓடுபாதைக்கு நேராக வரும். 140 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) வேகத்தில் வரும் விமானத்துக்குக் குறுக்கே 20 நாட் காற்று அடித்தால், ஏறக்குறைய 8 டிகிரி திருப்ப வேண்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் தினமும் நடப்பதுதான்.

கேள்வி: கோணலாகவே தரையைத் தொட்டால் டயர் தாங்குமா சார்?

பதில்: சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். அதனால் தரை தொடுவதற்குச் சற்று முன் வால் சுக்கானைத் திருப்பும் மிதியை அழுத்தி மூக்கை நேராக்குவார்கள். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் வேறு வழி வைத்தார்கள். அதன் இறக்கைகள் மிக நீளம். மற்ற விமானங்களைப் போலக் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திச் சமாளித்து இறங்கினால், அது தரையில் இடிக்கும். ஆகவே சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பலாம். சக்கரம் பாதையைப் பார்க்கும், உடல் கோணலாகவே ஓடும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது.

கேள்வி: மேலாளர் என்னிடம் "ஸ்டாப் கிராபிங்" என்றார். நடையைச் சொன்னாரா?

பதில்: இல்லை தம்பி, இது நகம். வேட்டைக்குப் பழக்கிய பருந்துகள் ஒன்றையொன்று நகத்தால் பிறாண்டிச் சண்டையிடுவதை ஆங்கிலத்தில் 'கிராப்' என்றார்கள். பிறகு அது சொல்லால் பிறாண்டுவதற்கும் வந்தது. 'சும்மா குறை சொல்லாதே' என்கிறார்.

கேள்வி: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் மகன் கிராபிங் போகலாம் என்கிறான். என்ன செய்வார்கள்?

பதில்: அது அசல் நண்டுதான் அக்கா! அங்குள்ள செசபீக் விரிகுடா நீல நண்டுக்குப் பேர் போன இடம். கோழிக் கழுத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கயிறு இறுகினால் மெதுவாக இழுத்து, நண்டு மேலே தெரிந்ததும் வலையால் அள்ள வேண்டும். அவசரப்பட்டால் விட்டுவிடும். பெண் நண்டு வந்தால் திருப்பி விட்டுவிடுங்கள். பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் அதை வைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் தராது. வயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண், ஒடுங்கியிருந்தால் ஆண்.

கேள்வி: படகுப் போட்டியில் 'நண்டு பிடித்துவிட்டான்' என்கிறார்களே?

பதில்: துடுப்பு தண்ணீரில் சிக்கி, அதன் கைப்பிடி திரும்பி வந்து துடுப்பு போடுபவரையே தாக்குவது. பலமாகச் சிக்கினால் ஆளே படகுக்கு வெளியே போய்விடுவார்.