லான் ஸ்ப்ரிங்க்ளர் டிசைனுக்கு எந்த சாஃப்ட்வேர்? இந்த வாட்டி வந்த கேள்விகள்

போன தடவை சும்மா ஒரு வரி போட்டேன், ஸ்ப்ரிங்க்ளர் தொழில் ஆரம்பிக்கிறவங்க டிசைன் சாஃப்ட்வேர் பத்தி கேக்கலாம்னு. இருபதுக்கு மேல வந்துடுச்சு. பாதி ஒரே கேள்விதான், அதெல்லாம் சேத்துட்டேன். மிச்சம் கீழ.

"சார், கோயம்புத்தூர்ல புதுசா லான் ஸ்ப்ரிங்க்ளர் பிசினஸ் ஸ்டார்ட் பண்ணிருக்கேன். எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?"

கடிதம் இவ்ளோதான். வில்லாவா, ரிசார்ட்டா, காலேஜ் கிரவுண்டா, மாசம் எத்தனை சைட், கேட் (CAD, கம்ப்யூட்டர்ல பிளான் வரையற சாஃப்ட்வேர்) தெரியுமா தெரியாதா, ஒண்ணுமே இல்ல. ஜவுளிக் கடையில போய் "நல்ல துணியா குடுங்க"ன்னு கேட்டா அவர் எதை எடுத்துப் போடுவார்? சரி, ஊகத்துல சொல்றேன். வீட்டு லான், 2 கிரவுண்டு 3 கிரவுண்டு வேலைன்னா ஒரு சாதா கேட், ஒரு எக்செல் ஷீட், அவ்ளோதான். ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் வழியா வேலை வருதுன்னா டிடபிள்யூஜி ஃபைல் (ஆட்டோகேட் டிராயிங் ஃபைல்) ஒழுங்கா திறந்து மூடுற கேட் கண்டிப்பா வேணும். ஆட்டோகேட்தான் வேணும்னு இல்ல, பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் ரெண்டுமே ஒரே வாட்டி காசு கட்டி வாங்கிக்கலாம், வருஷா வருஷம் அழ வேணாம். லேண்ட் எஃப்எக்ஸ் மாதிரி இரிகேஷன் பிளக்-இன் (கேட்டுக்குள்ள ஏத்திக்கிற துணை சாஃப்ட்வேர்) எல்லாம் நல்லாதான் இருக்கு, ஹெட்டுக்கு (தண்ணி தெளிக்கிற தலை) ஏத்த நாசில் (அதோட வாய்) எடுத்துக்கும், பைப் சைஸ் போடும், மெட்டீரியல் லிஸ்ட் தானா வரும், ஆனா மாசம் நாலு பெரிய டிராயிங் போடுறவங்களுக்குதான் அது கட்டுபடியாகும். இர்ரிகேட்னு ஒரு தனி இரிகேஷன் டிசைன் சாஃப்ட்வேர், நியூசிலாந்து சரக்கு, கோல்ஃப் கோர்ஸ், பெரிய தோட்டம்னு போறவங்களுக்கு. ரெண்டு சென்ட் லானுக்கு அதை வாங்குறது கருவேப்பிலை வாங்க லாரி பிடிச்ச கதை.

எதை வாங்கினாலும் அதுக்கு முன்னாடி ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்க. இதை இன்னும் ரெண்டு மூணு வாட்டி சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

"ஆட்டோகேட் எல்டி வாங்கிட்டேன். லேண்ட் எஃப்எக்ஸ் ஏத்த முடியுமா?"

முடியாது, ஃபுல் ஆட்டோகேட் வேணும். வாங்கிட்டு கேக்குறதுக்கு பதிலா கேட்டுட்டு வாங்கிருக்கலாம்.

"கிராக் வெர்ஷன் போட்டா மாட்டுவோமா அண்ணா?"

போடாதீங்க. மாட்டுறது மாட்டாதது அப்புறம், கிராக்கோட வந்த வைரஸ் மொத்த டிராயிங்கையும் பூட்டிட்டுப் போன ஆபீஸ்ல நான் உக்காந்து வேடிக்கை பாத்திருக்கேன். லிப்ரேகேட் இலவசம், 2டிக்கு போதும், டிடபிள்யூஜிதான் கொஞ்சம் தகராறு பண்ணும், ஆர்க்கிடெக்ட்கிட்ட டிஎக்ஸ்எஃப் ஃபைலா (எல்லா கேட்டும் படிக்கிற டிராயிங் ஃபைல்) வாங்கிக்கோங்க.

"டிராஃப்ட்சைட் இலவசம்னு சொன்னாங்க, டவுன்லோட் லிங்க் கிடைக்கல."

அந்த கேட் சாஃப்ட்வேர இலவசமா குடுத்தது 2019 கடைசியோட முடிஞ்சு போச்சு. இப்ப காசு.

"ஆர்க்கிடெக்ட் குடுத்த பிளான்ல ஹெட் வச்சா 15 அடி வட்டம் ஒரு புள்ளி மாதிரி தெரியுது. சாஃப்ட்வேர்ல பிரச்சனையா?"

இல்ல, உங்ககிட்ட. டிராயிங் எந்த அளவுல இருக்குன்னு பாக்காமலேயே ஆரம்பிச்சுட்டீங்க. ஃபைல திறந்ததும் முதல் வேலை பிளான்ல இருக்கிற வாசல் கேட்டோட அகலத்த அளக்கறது. 12 அடி கேட்டு 144னு காட்டினா இஞ்ச், 3.66னா மீட்டர், 3658னா மில்லி. இந்த மூணுலயும் சேராம 131, 97னு வந்தா அது பிடிஎஃப்ல இருந்து எடுத்து ஸ்கேல் கெட்டுப்போன பிளான், அதை நம்பாம டேப்ப எடுத்துட்டு சைட்டுக்கு போங்க. அங்க போறப்ப கேஜையும் எடுத்துட்டுப் போங்க.

"பிளான உள்ள விட்டா சாஃப்ட்வேரே ஹெட் வச்சு, சோன் (ஒரு வால்வுல ஓடுற பகுதி) பிரிச்சு, பைப் சைஸும் போட்டுடுதாமே? அப்ப சைட்டுக்கு போகாமலேயே கொட்டேஷன் அனுப்பிடலாம்ல? மதுராந்தகம் பக்கம் ஒரு ஃபார்ம்ஹவுஸ், கஸ்டமர் அவசரப்படுத்துறார்."

இந்தக் கேள்விய இந்த மாசத்துல மட்டும் ஆறு பேர் கேட்டிருக்கீங்க. வயித்தெரிச்சல்.

சாஃப்ட்வேர் வட்டம் போடும், வாஸ்தவம்தான். ஆனா வட்டம் போடறதுக்கு முன்னாடி ஒரு கட்டத்துல உங்ககிட்ட ரெண்டு நம்பர் கேக்கும், இந்த எடத்துல எவ்ளோ பிரஷர், எவ்ளோ ஓட்டம்னு. அதுல என்ன அடிக்கிறீங்க? ஏற்கனவே இருக்கிற நம்பர அப்படியே விட்டுட்டு ஓகே தட்டிடறீங்க. அது ரோட்டுக் குழாயிலேயே மூணு நாலு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷர் வர்ற அமெரிக்காக்காரன் வீட்டுக்கு வச்ச நம்பர். நம்ம ஊர்ல தண்ணி எங்கிருந்து வருது, சம்ப்ல இருந்து ஒரு மோனோபிளாக் மோட்டார், இல்லன்னா போர், இல்லன்னா மாடி டேங்க்.

ஈசிஆர்ல ஒரு வீட்டுக்கு ரிப்பேருக்குன்னு கூப்பிட்டாங்க, போனேன். ஏ3 ஷீட்ல கலர் பிளான், லேமினேஷன் வேற, பச்சை வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு அழகா விழுந்து ஒரு இஞ்ச் லான் கூட விட்டுப்போகல. வால்வ திறந்தா பாப்-அப் (தண்ணி வந்தா மண்ணுக்குள்ள இருந்து எழும்புற ஹெட்) ரெண்டு இஞ்ச் எழும்பி நிக்குது, தண்ணி வீசல, கொதிக்கிற கஞ்சி மாதிரி தலைய சுத்தி வழியுது. பக்கத்துல இருக்கிற புல்லு சொதசொதன்னு, நாலடி தள்ளி காஞ்சு வைக்கோல். தண்ணி எங்கிருந்துன்னு கேட்டேன். "மாடி டேங்க் சார், நல்ல உசரம், 25 அடி"ன்னார் வாட்ச்மேன். 25 அடின்னா ஏழரை மீட்டர், முக்கால் கிலோ பிரஷர். ஸ்ப்ரே ஹெட்டுக்கு (சுத்தாம விசிறி மாதிரி தெளிக்கிறது) 2 கிலோ வேணும், ரோட்டாருக்கு (சுத்தி சுத்தி வீசுறது) 3. டிசைன் போட்டவர் சைட்ட பாத்ததே இல்லயாம். லேமினேஷனுக்கு செலவு பண்ணின காசுக்கு கூட கொஞ்சம் போட்டா ஒரு கேஜே வந்திருக்கும்.

அளக்கறதுலயும் தப்பு பண்றாங்க. 20 லிட்டர் பக்கெட்ட குழாய்க்கு கீழ வச்சு, 24 செகண்டுல நிறைஞ்சுது, நிமிஷத்துக்கு 50 லிட்டர்னு எழுதிக்கிறாங்க. அது வாய் திறந்த குழாய்ல ஓடுற ஓட்டம், பிரஷர் பூஜ்யம். குழாய்ல ஒரு டீ ஜாயின்ட் (T) போட்டு கேஜ மாட்டி, அதுக்கு அந்தப் பக்கம் பால் வால்வு, அத கொஞ்சம் கொஞ்சமா மூடி கேஜ் 3 கிலோ காட்டுற எடத்துல நிறுத்தி, அப்ப பக்கெட்ட பிடிங்க. 50 இருந்தது 30 ஆகும், சில மோட்டார்ல 3 கிலோவுக்கு ஏறவே ஏறாது. டிசைன் அந்த 30லதான் ஆரம்பிக்கணும்.

அடுத்தது பைப். இதுல நானே அடி வாங்கிருக்கேன், அதனாலதான் இவ்ளோ கத்துறேன். ஆரம்ப காலத்துல ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர்ல டிசைன் போட்டேன், அது 1 இஞ்ச் ஷெட்யூல் 40 (அமெரிக்க அளவு) பைப்புனு எடுத்துக்கிச்சு, உள்விட்டம் 26, 27 மில்லி. நான் லிஸ்ட்ல "1 இஞ்ச்"னு எழுதிக் குடுத்தேன், கடைப் பையன் இஞ்ச்னா 25 மில்லினு கணக்கு பண்ணி நம்ம 25 பைப்ப ஏத்தி அனுப்பிட்டான். நம்ம ஊரு விவசாய பைப்புல 25ங்கறது வெளிவிட்டம், உள்ள 22 சொச்சம்தான். 80 மீட்டர் லைன், நிமிஷத்துக்கு 40 லிட்டர். ஸ்க்ரீன்ல 5 மீட்டர் (அரை கிலோ) பிரஷர் லாஸ்னு காட்டினது, மண்ணுக்குள்ள 12 மீட்டர் தின்னுச்சு. கடைசி ரெண்டு ரோட்டார் சுத்தவே இல்ல. லான் விரிச்சு முடிச்ச அப்புறம் கொரியன் புல்ல பாய் மாதிரி சுருட்டி வச்சுட்டு பைப்ப தோண்டி மாத்தினேன், என் காசுல. அன்னைலேர்ந்து எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் முதல்ல அதோட பைப் லிஸ்ட்ட அழிச்சுட்டு நம்ம ஐஎஸ் 4985 (பிவிசி பைப்புக்கான இந்திய தரம்) பைப்போட உள்விட்டத்த, 4 கிலோவா 6 கிலோவா 10 கிலோவான்னு கிளாஸ் வாரியா, கையால ஏத்துவேன். அப்படி ஏத்த விடாத சாஃப்ட்வேர் எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம். வாங்குறதுக்கு முன்னாடி டீலர்கிட்ட இந்த ஒரு கேள்வி கேளுங்க, பாதி பேர் முழிப்பாங்க.

மதுராந்தகத்துக்கு வருவோம். கஸ்டமர் அவசரப்படுத்தினா "சதுர அடிக்கு தோராயமா இவ்ளோ, சைட்ல அளந்த பிறகு மாறும்"னு எழுதிக் குடுங்க. டிசைன் குடுக்காதீங்க.

"ஈபிஏநெட் இலவசம்ங்கறாங்களே, லானுக்கு ஆகுமா?"

ஆகும். அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சியோடது, ஊர் குடிதண்ணி லைனுக்கு பண்ணினது. வட்டம் போடாது, புல்லு காட்டாது, ஆனா ஒவ்வொரு ஹெட்லயும் எவ்ளோ பிரஷர் மிஞ்சுதுன்னு துல்லியமா சொல்லும், ஹெட்ட எமிட்டரா (தண்ணி வெளிய போற புள்ளி) குடுக்கணும், பைப்புக்கு உள்விட்டம் நீங்களே அடிக்கணும் (அதனாலதான் எனக்கு பிடிக்கும்). ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்தா வந்துடும்.

"கூகுள் எர்த்ல அளந்து கொட்டேஷன் குடுக்கலாமா?"

தோராயத்துக்கு சரி. மரத்து நிழல், சன்ஷேடு, மேல இருந்து தெரியாத படிக்கட்டு எல்லாம் சேந்து 10 சதவீதம் முன்ன பின்ன வரும். மேல இருந்து பாத்தா பிரஷரும் தெரியாது.

"டீலரே ஃப்ரீயா டிசைன் போட்டுத் தர்றேங்கறார். அப்புறம் எதுக்கு சாஃப்ட்வேர்?"

வாங்கிக்கோங்க, ஆனா ஹெட்ட எண்ணுங்க. அவர் விக்கிறது ஹெட்.

"ஒரு மூலையில இடம் சின்னது, அதனால ஸ்ப்ரே நாசில். மிச்சம் எம்பி ரொட்டேட்டர் (மெதுவா சுத்துற நாசில்). ஒரே வால்வுல போட்டா சாஃப்ட்வேர் எரர் எதுவும் காட்டல, ஓகேவா?"

ஓகே இல்ல. ஸ்ப்ரே மணிக்கு 40 மில்லி மீட்டர் ஊத்தும், ரொட்டேட்டர் 10. அரைமணி ஓட்டினா ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் சரி. அந்த மூலைக்கும் ரொட்டேட்டர்லயே சின்ன ரேடியஸ் நாசில் இருக்கு, அதைப் போடுங்க. எரர் காட்டலங்கறதெல்லாம் ஒரு ஆதாரமா?

"டிசைன் போட்டு அனுப்பினேன், கஸ்டமர் அத வேற ஆளுகிட்ட குடுத்து கம்மி ரேட்டுக்கு முடிச்சுட்டார். பிடிஎஃப்க்கு பாஸ்வேர்ட் போடுற சாஃப்ட்வேர் எது?"

பாஸ்வேர்ட் போட்டா போட்டோ எடுத்துப்பாங்க. அட்வான்ஸ் வர்ற வரைக்கும் ஹெட் எங்க எங்கங்கறத மட்டும் காட்டுங்க, பைப் சைஸ், நாசில் நம்பர், சோன் பிரிச்சது எதுவும் போடாதீங்க. கணக்கு இல்லாத வட்டத்த எடுத்துட்டுப் போறவன் ஆறு மாசத்துல உங்களுக்கே ரிப்பேருக்கு போன் பண்ணுவான்.

"மொபைல்லயே முழுசா டிசைன் பண்ண ஆப் இருக்கா?"

சைட்ல போட்டோ எடுக்க, அளவு குறிச்சுக்க மொபைல். டிசைனுக்கு இல்ல.

"என்கிட்ட மேக் இருக்கு சார்."

வெக்டார்வொர்க்ஸ் லேண்ட்மார்க் மேக்ல ஓடும், இரிகேஷன் டூல் உள்ளயே இருக்கு. இர்ரிகேட் விண்டோஸ்தான்.

"திண்டுக்கல். வீட்டு லான் 3000 சதுர அடி, கிட்டத்தட்ட சதுரம், நடுவுல ஒண்ணும் இல்ல. போர் தண்ணி சம்ப்ல விட்டு 1 எச்பி மோட்டார். நீங்க சொன்ன மாதிரியே கேஜ் போட்டு பிடிச்சேன், 2.8 கிலோல நிமிஷத்துக்கு 45 லிட்டர். முதல் வேலை, இதுக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கட்டும்?"

ஆகா, இப்படி எழுதுங்கய்யா எல்லாரும்.

எதுவும் வாங்க வேணாம், கிராஃப் பேப்பர் போதும். 3000 சதுர அடின்னா 280 சதுர மீட்டர். ஸ்ப்ரே போட்டீங்கன்னா மொத்தமா நிமிஷத்துக்கு 180 லிட்டருக்கு மேல கேக்கும், உங்க மோட்டாருக்கு அஞ்சு சோன் ஆயிடும், அஞ்சு வால்வு, அஞ்சு லைன். ரொட்டேட்டர் போட்டா மொத்தமே 46 லிட்டர். ஒரே சோன்ல முடிச்சுடலாம்னு கை அரிக்கும், செய்யாதீங்க, மிச்சமே இல்லாம ஓட்டினா கோடையில சம்ப் தண்ணி இறங்கினதும் வட்டம் சுருங்கும். ரெண்டு சோனா பிரிங்க, சோனுக்கு 23 லிட்டர், அவ்ளோ கம்மி ஓட்டத்துல கேஜ் 3 கிலோவுக்கு மேல நிக்கும், பைப்ல போறது போக ஹெட்டுக்கு போதுமான அளவு கிடைச்சுடும். மெயின் பைப் 32 மில்லி, கிளை 25. ஹெட்டோட தண்ணி பக்கத்து ஹெட்ட தொடணும், நடுவுல பாதியில நிக்கக்கூடாது. கோடையில தினம் 5 மில்லி மீட்டர் வச்சா சோனுக்கு அரைமணி, மொத்தம் 1400 லிட்டர் ஆகும், சம்ப் அதுக்கு மேல கொள்ளுதான்னு பாத்துக்கோங்க. விடியக்காலைல ஓட்டுங்க, காத்து இருக்காது. போர் தண்ணிங்கறதால மோட்டாருக்கு அடுத்து 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் ஒண்ணு, அதுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு கேஜ். ரெண்டுக்கும் அரை கிலோ வித்தியாசம் வந்தா ஃபில்டர கழட்டி கழுவுங்க.