ஜவ்வரிசிக்கு வேலி, வெள்ளிக்குத் திறந்த கதவு

"இறக்குமதியைத் தடுத்தால் நாடு வளருமா, திறந்துவிட்டால் வளருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பொருள், எவ்வளவு காலம் என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் சேலத்து ஜவ்வரிசியையே எடுங்கள். முன்பு மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்த சரக்கு அது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றதும் 1940களில் இங்கேயே மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்த மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த ஈர மாவைத் துணித் தூளியில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைக்கக் கற்றுக்கொண்டார்கள். கப்பல் வந்துகொண்டே இருந்திருந்தால் அந்த ஆரம்ப முயற்சிகள் விலையிலேயே அடிபட்டிருக்கும். புதுத் தொழிலுக்குக் கொஞ்ச காலம் வேலி வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கொலுசு வேறு கதை. கொலுசு செய்யும் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளுக்கு வெள்ளிதான் மூலப்பொருள், நாட்டுக்குத் தேவையான வெள்ளியில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது, அதற்கு வரி போட்டால் அடி விழுவது நம் தொழிலாளிக்கே. 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளி இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தது சரியான முடிவு.

அப்புறம் ஏற்காட்டு மிளகு. 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள், அதற்குக் குறைந்த விலைச் சரக்கு உள்ளே வரக்கூடாது என்று. தேவைதான், ஆனால் வாடல் நோயில் கொடி காயும் தோட்டக்காரருக்கு நல்ல நாற்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.