மெல்க் மடத்துப் பக்கம் ஓடப் போகிறீர்களா? – ஓட்டக்காரர் கேள்வி பதில்

போன இதழில் ஆஸ்திரியாவின் மெல்க் துறவற மடத்தடியில் ஓடுவது பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே டானூப் ஆறு மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். சுமார் 36 கிலோமீட்டர். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். நான் இருப்பது பக்கத்து ஊரான ஸாங்க்ட் போல்டனில். ரயிலேறினால் இருபது நிமிடம் சொச்சத்தில் மெல்க். சனிக்கிழமையானால் கால் அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

கே: மகன் வியன்னாவில் இருக்கிறான். ஜூனில் போகிறோம். எனக்கு 58 வயது. மெரினாவில் தினமும் ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறவன். மெல்க்குக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எந்தப் பாதை? – வாசகர், சென்னை

ஷோன்பியூயெல் போய் வாருங்கள், ஐயா. மெல்க்கிலிருந்து ஆற்றின் தென்கரையோடு, நீர் போகும் திசையில் ஐந்து கிலோமீட்டர் வாக்கில் அந்த ஊர் வரும். ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேல் வெள்ளைக் கோட்டை ஒன்று, உச்சியில் வெங்காய வடிவக் கோபுரம். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பத்து கிலோமீட்டர். தார் போட்ட சைக்கிள் பாதைதான், ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மெரினாவில் ஓடுகிற கால் இதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று. இது டானூப் சைக்கிள் பாதையின் ஒரு பகுதி. ஜூன் மாதத்தில் பை கட்டிய சைக்கிள்கள் குடும்பம் குடும்பமாக வரும். வலது ஓரத்தை விடாதீர்கள். ஊரில் இடது பக்கம் ஒதுங்கிப் பழகியவர்களுக்கு முதல் ஒரு மைல் தடுமாறும். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். பின்னால் அடிக்கும் மணி கேட்க வேண்டும்.

காலில் தெம்பு இருந்தால், அல்லது மகனும் ஓடுகிறவர் என்றால், இன்னொரு வழி உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. மெல்க்கின் கிழக்கே பாலம் ஏறி ஆற்றைத் தாண்டுங்கள். அந்தக் கரையில் எம்மர்ஸ்டார்ஃப் என்ற ஊர். அங்கிருந்து நீரோட்டத்துக்கு எதிராக, மேற்கு நோக்கி ஓடினால் இடது கைப்பக்கம் ஆறு, ஆற்றுக்கு அப்பால் பாறை மேல் மடம். ஒரு மஞ்சள் கட்டடம் இவ்வளவு நீளமாக இருக்க முடியுமா என்று தோன்றும். மெல்க் நீர்மின் நிலையம் வந்ததும் அணை மேலேயே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வழி விட்டிருக்கிறார்கள். அதில் தாண்டித் தென்கரை வழியாக ஊருக்குத் திரும்பலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகும். மாலையில் ஓடுங்கள். மடத்துக் கோவிலின் முகப்பு மேற்குப் பார்த்தது, வெயில் அதில் விழுவது பிற்பகலில்தான். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

கே: படத்தில் மடத்தின் முற்றம் மைதானம் போல இருக்கிறதே. உள்ளேயே நாலு சுற்று ஓட முடியாதா? – வாசகர், மதுரை

மீனாட்சியம்மன் கோவில் ஆடி வீதியில் டிராயரோடு நாலு சுற்று ஓடுவீர்களா? அதே பதில்தான்.

அது அருங்காட்சியகம் மட்டுமில்லை. 1089-இல் இரண்டாம் லியோபோல்ட் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்குக் கொடுத்த இடம். இன்றைக்கும் துறவிகள் இருக்கிறார்கள், உள்ளே பள்ளிக்கூடமும் நடக்கிறது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1702-இல் தொடங்கியது. டீட்மாயர் என்ற மடாதிபதி, யாக்கோப் பிராண்ட்டவர் என்ற கட்டடக் கலைஞர் இருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பிராண்ட்டவர் 1726-இல் காலமானார். வேலை முடிந்தது 1736-இல். ஓட்டத்தை முடித்து, சட்டை மாற்றிக்கொண்டு, சீட்டு வாங்கி உள்ளே போங்கள். நூலகத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், பவுல் ட்ரோகர் வரைந்த கூரை ஓவியம் இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1780-களில் பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்தில் ஆஸ்திரியாவில் ஏகப்பட்ட மடங்களை மூடினார்கள். மெல்க் தப்பித்தது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே தப்பிக்காதவையும் உண்டு. ஆக்ஸ்பாக் கார்த்தூசியர் மடம் 1782-இல் போயிற்று, டியூர்ன்ஷ்டைன் மடம் 1788-இல். இரண்டுமே ஓடுகிற வழியில் எட்டிப் பார்க்கக்கூடியவை. டியூர்ன்ஷ்டைனின் நீலமும் வெள்ளையுமான கோபுரத்தைத் தனியாகத் தேட வேண்டாம், எதிர்க்கரையில் ஓடினாலே தெரியும்.

கே: செப்டம்பரில் அங்கே நடக்கும் அரை மாரத்தானில் ஓடலாமா? தடம் சமதளமா? கோவை மாரத்தானில் என் நேரம் 2 மணி 10 நிமிடம். – வாசகர், கோயம்புத்தூர்

ஓடலாம். ஷ்பிட்ஸில் தொடங்கி கிரெம்ஸில் முடியும். அன்றைக்கு ஆற்றோரச் சாலையில் கார் விடமாட்டார்கள், முழுச் சாலையும் உங்களுக்கு. ஆறு போகும் திசையிலேயே போகிறீர்கள், ஏற்ற இறக்கம் குறைவு. செப்டம்பர் காலைக் குளிர் கோவைக்காரருக்கு ஒத்துக்கொள்ளும். நேரம் குறைய வாய்ப்புண்டு.

ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அத்தனை பேர் நடுவில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தாக்கில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? பந்தயத்துக்கு ஒரு நாள் முன்னதாக வந்து, தென்கரையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடிவிட்டுத் தூங்குங்கள். அந்த அரை மணிதான் ஊருக்குப் போன பிறகும் ஞாபகம் இருக்கும்.

கே: வடகரையா தென்கரையா? எல்லா வழிகாட்டிகளிலும் வடகரைதான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் தென்கரை என்கிறீர்கள். – யாழ்ப்பாணத்து வாசகி, இலண்டனிலிருந்து

நல்லாய்க் கேட்டீர்கள், அக்கா. நான் தென்கரைக் கட்சிதான்.

வடகரையில் பெயர் பெற்ற ஊர்கள் எல்லாம் இருக்கின்றன: ஷ்பிட்ஸ், வைஸன்கிர்ஷன், டியூர்ன்ஷ்டைன். கூடவே பெரிய சாலை, சுற்றுலாப் பேருந்து, கப்பலில் இருந்து கொத்தாக இறங்கும் கூட்டம், முட்டியைப் பதம் பார்க்கும் கல் பாவிய தெருக்கள். தென்கரையில் ஆப்ரிகாட் தோப்பும் சின்னச் சின்ன ஊர்களும்தான். ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்று என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பரிசல்கள் இருக்கின்றன.

ஷ்பிட்ஸில் தொடங்குங்கள். கால் புதிதாக இருக்கும்போதே வடகரையை முடித்துவிடலாம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சங்க்ட் மிஹாயெல். அங்கே பழைய கோவிலின் கூரை முகட்டில் சுட்ட மண்ணில் ஏழு சிறு விலங்குகள் நிற்கும். முயல்கள் என்பார்கள். ஒரு குளிர்காலத்தில் பனி கூரை மட்டத்துக்குக் கொட்டி முயல்கள் மேலே ஓடினவாம். கதைதான், ஆனால் ஓடுகிறவர்களுக்குப் பிடித்த கதை. அப்புறம் வோஸன்டார்ஃப், யோகிங், பிறகு வைஸன்கிர்ஷன். அங்கே படித்துறைக்கு இறங்கினால் பரிசல்.

இந்தப் பரிசலைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். காரையே ஏற்றிக்கொள்ளும் அளவு பெரியது. அப்படியும் மோட்டார் சத்தம் கேட்காது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள். பரிசலை அதோடு இன்னொரு வடத்தால் பிணைத்திருக்கும். பரிசல்காரர் சுக்கானைத் திருப்பிப் பரிசலை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துவார். ஆறு பக்கவாட்டில் தள்ள, வடத்தின் மேல் உருளை கிறீச்சிட்டு நகர, சில நிமிடத்தில் அக்கரை. திரும்பி வர சுக்கானை மறுபக்கம் சாய்த்தால் சரி. ஆறே இழுத்துப் போகிறது. வியர்வை ஆறுவதற்குள் இறக்கி விட்டுவிடுவார்கள், சில்லறை யூரோ மட்டும் கையில் இருக்கட்டும்.

இறங்கும் இடம் சங்க்ட் லோரென்ஸ். அங்கிருந்து ஆற்றுக்கு எதிராக மேற்கே பாக்ஆர்ன்ஸ்டார்ஃப். ஊருக்குள் வீட்டோடு வீடாக ஒட்டிக்கொண்டு ஒரு கரடுமுரடான கல் சுவர் நிற்கும். நாலாம் நூற்றாண்டு ரோமானியர் காவல் கோபுரத்தின் மிச்சம் அது. அந்தக் காலத்தில் டானூப்தான் ரோமப் பேரரசின் எல்லை. தென்கரை அவர்களுடையது, வடகரை மற்றவர்களுடையது. இந்தக் கரை உசத்தி என்று நான் மட்டும் சொல்லவில்லை, பாருங்கள்! பிறகு மிட்டர், ஹோஃப், ஓபர் என்று அடைமொழி போட்ட ஆர்ன்ஸ்டார்ஃப் ஊர்கள் வரிசையாக வரும். கடைசி ஊரில் இன்னொரு பரிசல் ஏறி ஷ்பிட்ஸுக்கே திரும்பலாம். ஓட்டம் பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் வரும்.

குளிர்காலத்தில் பரிசல் ஓடாது. ஆற்றில் வெள்ளம் ஏறினாலும் நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பரிசல் எத்தனை மணிக்கு என்று படித்துறைப் பலகையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தவற விட்டால் வந்த வழியே போகக்கூட இன்னொரு பரிசல் வேண்டும்.

கே: சமதளம் அலுப்பு. எனக்கு மலை வேண்டும். – வாசகர், கொடைக்கானல்

உங்களுக்கு இரண்டு இடம். ஒன்று ஆக்ஷ்டைன் இடிகோட்டை. தென்கரையில், ஆற்றிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் பாறை முகட்டில் இருக்கிறது. கீழ் ஊரிலிருந்து ஏறும் காட்டுப்பாதை செங்குத்து. ஓடுவேன் என்று அடம் பிடிக்காமல் வேகமாக நடங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். மேலே நின்றால் ஆறு இரண்டு பக்கமும் வளைவது தெரியும்.

இன்னொன்று பள்ளத்தாக்கின் மறுமுனை: கோட்வைக் மடம். மெல்க்கை விட ஆறு வருடம் மூத்தது, 1083-இல் பாசாவ் ஆயர் ஆல்ட்மன் நிறுவியது. கிரெம்ஸிலிருந்து பாலம் தாண்டி, மௌட்டர்ன், ஃபுர்த் வழியாகப் போய் மலையேற வேண்டும். இருநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். 1718-இல் தீப்பிடித்த பிறகு மாபெரும் திட்டம் போட்டு மறுபடி கட்டத் தொடங்கினார்கள், கடைசி வரை முழுதாக முடிக்கவில்லை. மெல்க்குக்கு வரும் கூட்டத்தில் பாதி கூட இங்கே வந்து நான் பார்த்ததில்லை.

நாள் கணக்கில் ஓட ஆசை என்றால் இரண்டு கரை மேடுகளையும் சுற்றிவரும் 180 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று இருக்கிறது. பதினாலு கட்டமாகப் பிரித்துக் குறி போட்டிருக்கிறார்கள். பிடித்த கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் திராட்சைப் படிக்கட்டு வயல்கள் வரும் பகுதியில் சுவர்களைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள். காரை, சிமெண்ட் எதுவும் வைக்காமல் கல் மேல் கல்லாக அடுக்கியவை. வெயில் ஏறியதும் இடுக்கிலிருந்து பச்சைப் பல்லி ஒன்று வரும். முழங்கை நீளம் இருக்கும், வாலே அதில் பாதிக்கு மேல். வசந்த காலத்தில் ஆணின் தொண்டை நீலமாகிவிடும். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஒயினின் உயர்ந்த வகைக்கே அந்தப் பல்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள், 'ஸ்மராக்ட்' என்று. குனிந்து படம் எடுப்பதற்குள் ஓடிவிடும். நம்மை விட நல்ல ஓட்டக்காரர்.

கே: பெண் தனியாக ஓடலாமா? நாய்த் தொல்லை உண்டா? தண்ணீர்? – வாசகி, திருச்சி

நான் தனியாகத்தான் ஓடுகிறேன், அம்மா. பகலில் பயமில்லை. எதிரே வருகிறவர்கள் 'க்ரூஸ் காட்' என்பார்கள், அதையே திருப்பிச் சொன்னால் போதும். தெருநாய் கிடையாது. வளர்ப்பு நாய்தான், பெரும்பாலும் கயிற்றோடு வரும். ஊருக்கு ஊர் குழாய் நீர் குடிக்கலாம். தெரு ஊற்றில் 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம், அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

நாயை விட உண்ணிக்குப் பயப்படுங்கள். இந்த மாநிலத்து உண்ணி மூளைக்காய்ச்சல் பரப்பக்கூடியது. இங்கே குடியிருப்பவர்கள் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது வழக்கம். காட்டுப்பாதையில் நீளக் காலுறை போடுங்கள். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி படும் இடம் எல்லாம் தடவிப் பாருங்கள்.

கே: எந்த மாதம் நல்லது? – வாசகர், பெங்களூரு

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை ஆப்ரிகாட் பூக்கும். எந்த வாரம் என்று குளிர்தான் முடிவு செய்யும், முன்பதிவு செய்துவிட்டுப் பூவோடு சண்டை போட முடியாது. செப்டம்பர், அக்டோபர் திராட்சை அறுவடை. டிராக்டருக்கு வழி விட்டு ஓடத் தெரிந்தால் அதுவும் நன்றாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மதியத்தில் கல் சுவர் அனல் கக்கும், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு.

கே: நான் சுத்த சைவம். ஓடிவிட்டு என்ன சாப்பிடுவது? – வாசகர், சேலம்

மாரில்லென்க்னோடல். முழு ஆப்ரிகாட்டின் கொட்டையை எடுத்து, அந்த இடத்தில் சர்க்கரைக் கட்டி வைத்து, பாலாடைக்கட்டி மாவிலோ உருளைக்கிழங்கு மாவிலோ பொதிந்து வேக வைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருவார்கள். மாவில் முட்டை சேர்ப்பது உண்டு, உங்களுக்கு ஆகாது என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜூலை அறுவடை சமயத்தில் புதுப்பழத்தில் செய்வதுதான் ருசி. நடுவில் பழச்சாறு கொதித்துக்கொண்டிருக்கும், முழுதாக வாயில் போடாமல் கரண்டியால் வெட்டி ஆறவிடுங்கள். முட்டையே கூடாது என்றால் ஊர் ரொட்டிக் கடையில் வாஹாவர் லாபெர்ல் என்ற மொறுமொறு ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.