மதர்போர்டு மாற்றியபின் விண்டோஸ் வரவில்லையா? ஃபார்மேட்டுக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: ஹெச்81 போர்டும் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸரும் இருந்த கம்ப்யூட்டரில் பி660 போர்டு, ஐ5-12400, புது ராம் மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டு இல்லை. விண்டோஸ் 10 இருக்கும் பழைய சாட்டா எஸ்எஸ்டியையே வைத்துக்கொண்டேன். ஆன் செய்தால் நேராக பயாஸ் திரைக்குப் போகிறது. எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிகிறது. பூட் பட்டியலில் மட்டும் இல்லை. ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள் கடையில். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பயாஸ் திரை வருவதால் போர்டு, பிராசஸர், ராம் மீது சந்தேகம் வேண்டாம். எஸ்எஸ்டியின் பெயர் தெரிவதால் கேபிளும் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல், அந்த எஸ்எஸ்டியில் விண்டோஸ் பதியப்பட்டிருக்கும் முறையில்.

பழைய லெகசி முறையில் பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் சிறு நிரலை இயக்கி விண்டோஸைத் தொடங்கும். இதற்கான டிஸ்க் அமைப்பு எம்பிஆர். அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையோ ஜிபிடி என்ற புது அமைப்புள்ள டிஸ்க்கில் தனியாக ஒரு சிறு பார்ட்டிஷனைத் தேடி, அதிலுள்ள பூட் ஃபைலை எடுக்கும். ஹெச்81 போர்டுக்கு இரண்டுமே தெரியும். ஆனால் விண்டோஸ் 7 காலத்தில் பெரும்பாலும் லெகசி முறையில்தான் போட்டுக் கொடுத்தார்கள். அதன் மேலேயே 10-க்கு அப்கிரேடு செய்தவர்களின் டிஸ்க் இன்றும் எம்பிஆர்தான். யுஇஎஃப்ஐ முறையில் தேடும் புது போர்டு அதைப் பூட் பட்டியலில் காட்டாது.

இணையத்தில் தேடினால் 'சிஎஸ்எம் ஆன் செய்யுங்கள்' என்பார்கள். புது போர்டிலும் லெகசி முறையில் பூட் செய்ய விடும் பயாஸ் ஆப்ஷன் அது. உங்களுக்கு அது கைகொடுக்காது. இன்டெல் 500 வரிசை போர்டுகள் முதல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் லெகசி முறையில் வேலை செய்வதில்லை. தனி கார்டு இருந்தாலும் நான் அதைச் சொல்லமாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ வேண்டும். எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும்.

டிஸ்க்கையே ஜிபிடிக்கு மாற்றிவிடலாம். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்டே விண்டோஸுடன் தருகிறது. ஃபைல்களை அழிக்காமல் மாற்றுவதற்காகவே செய்யப்பட்டது. அப்படியிருந்தும் முதலில் எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி-சாட்டா கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் செருகி, முக்கியமானதையெல்லாம் காப்பி எடுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயாரித்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். மற்ற ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி வைத்தால் குழப்பம் வராது. முதல் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு கமாண்ட் விண்டோ திறக்கும். இன்ஸ்டால் பட்டனைத் தொடாதீர்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க்பார்ட் என்ற கமாண்டில் எஸ்எஸ்டியின் எண்ணைப் பார்த்துக்கொண்டு, அந்த எண்ணோடு எம்பிஆர்2ஜிபிடியை முதலில் 'வேலிடேட்' ஆப்ஷனில் ஓட்டுங்கள். இது சோதனை மட்டுமே, எதையும் மாற்றாது. தேறினால் 'கன்வெர்ட்'.

நம் ஊர் கம்ப்யூட்டர்கள் பல தடுக்கி விழுவது இந்தச் சோதனையில்தான். டிஸ்க்கில் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்கள்தான் இருக்கலாம். தனக்குள் வேறு டிரைவ்களை வைத்துக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. நாமோ சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்போம். விண்டோஸ் தனக்கென ஒளித்து வைக்கும் சிஸ்டம் ரிசர்வ்டையும் சேர்த்தால் நான்கு. அப்படியானால் இ டிரைவைக் காப்பி எடுத்து, அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். அது எக்ஸ்டெண்டடுக்குள் இருந்தால் எக்ஸ்டெண்டடையும் சேர்த்து அழிக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். உங்கள் விண்டோஸ் 32-பிட் என்றால் இந்த வழியே கிடையாது, புதிதாகப் போடுவதுதான்.

மாற்றம் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் பூட் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வரும். அதை முதலிடத்தில் வையுங்கள். புது போர்டின் டிரைவர்களைச் சேர்ப்பதால் முதல் முறை மெதுவாக வரும், பொறுங்கள். நீலத் திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் ஸ்டோரேஜ் ஆப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து ஆஃப் செய்யுங்கள்.

விண்டோஸ் வந்தபின் இன்டர்நெட் வராமல் போகலாம். புது போர்டின் லேன் சிப்புக்கு விண்டோஸ் 10-இல் டிரைவர் இல்லாததே காரணம். ஃபோனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் செய்து டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆக்டிவேஷனும் போயிருக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸை போர்டு மாற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு இணைத்திருந்தால், அந்த அக்கவுண்டில் நுழைந்து, செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பகுதியில் உள்ள டிரபிள்ஷூட்டரில் ஹார்டுவேரை மாற்றியதாகச் சொன்னால் திரும்பக் கிடைக்கும். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு போயிற்று. புதிதாக வாங்க வேண்டும்.